இரண்டாவது கல்

"குலுக்கலா?" என்றார் ஸ்ரீதேவி மேடம். தேநீரில் முக்கிய பிஸ்கட்டை எடுக்க மறந்துவிட்டார். அது ஊறி, பாதியாக ஒடிந்து கோப்பைக்குள் விழுந்தது. "நாம காலேஜ் ஆரம்பிக்கறமா, இல்ல சீட்டுக் கம்பெனி ஆரம்பிக்கறமா?"

மோலி ஒரு கரண்டியை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். முதலில் விழுகிற அடி விழட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்பது அவள் பழக்கம். கல் உடைக்கிறவர் வீட்டில் பிறந்தவளுக்கு இவ்வளவாவது தெரியாதா? முதல் அடிக்கு எந்தப் பாறையும் சத்தம்தான் போடும்.

மைசூர் பன்னிமண்டபத்தில் ஓர் அறக்கட்டளையின் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் புதுக் கட்டடம் எழும்பியிருந்தது. சுவரில் இன்னும் பெயிண்ட் வாசனை போகவில்லை. அடுத்த மாதம் அங்கே நர்சிங் கல்லூரி திறக்கிறார்கள். அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக வார்டு வார்டாக நின்று தலை நரைத்த மோலியைத் துணை முதல்வர் ஆக்கியிருந்தார்கள். ஸ்ரீதேவி மேடம் பெண்கள் கல்லூரி ஒன்றில் முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர், மேல்கோட்டைக்காரர், இப்போது அறக்கட்டளை உறுப்பினர். அறக்கட்டளைத் தலைவர் டேவிஸ் சார், ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். அரசு ஒதுக்கீடு போக அறக்கட்டளையின் கையில் இருபது இடங்கள் இருந்தன. அந்த இருபதுக்கும் கட்டணம் கிடையாது, விடுதியும் சாப்பாடும் இலவசம். செய்தி வெளியே போனதுமே கொள்ளேகால், ஹனூர், குண்டலுபேட்டை என்று எல்லாப் பக்கமிருந்தும் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. டேவிஸ் சார் கூட்டம் கூட்டி ஒரே கேள்விதான் கேட்டார். "ஒரு நல்ல காலேஜ் பிள்ளைங்கள எப்படி எடுக்கணும்? நாளைக்கு யாரும் நம்மள கை நீட்டிப் பேசக்கூடாது. அந்த மாதிரி ஒரு வழி சொல்லுங்க."

மார்க் வரிசைப்படி எடுத்துவிடலாம் என்றார் அவரே. அது போதாது, நேர்காணல் வைத்தே ஆகவேண்டும் என்றார் ஸ்ரீதேவி மேடம். அதற்குப் பிறகுதான் மோலி குலுக்கல் என்றாள்.

"எடுத்த எடுப்பிலயே குலுக்கல் இல்லீங்க மேடம். பி.யு.சி. பரீட்சையில நூத்துக்கு அறுபது வேணும். அதுக்குக் கீழ போனா பாடம் ஏறாது, ஒத்துக்கறேன். அப்புறம் வார்டுல ஒரு நாள் நிக்க வைப்பேன். பெட்பேன் எடுக்கச் சொல்லுவேன். மூக்கப் பொத்திக்கிட்டு எடுத்தாலும் சரி, எடுத்தாப் போதும். இது ரெண்டையும் தாண்டி வந்தவங்க எல்லாரும் ஒண்ணுதான். அதுல இருந்து குலுக்கி எடுக்கணும்."

"தொண்ணூறும் அறுபத்தொண்ணும் ஒண்ணா?"

"நடுவுல இருக்கறது டியூஷன் மேடம்."

டேவிஸ் சார் சிரித்துவிட்டு, ஸ்ரீதேவி மேடத்தின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"மார்க்க விடுங்கோ. நான் முப்பது வருஷம் இன்டர்வியூ பண்ணினவ. ஒரு பொண்ணு கதவத் தொறந்துண்டு உள்ள வரச்சயே எனக்குத் தெரிஞ்சுடும்."

"தெரியும் மேடம். உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி நடக்கறவங்களத் தெரியும்." மோலியின் குரல் உயரவில்லை. வார்டில் ஊசி போடும்போது இருக்கிற அதே குரல். "போன வருசம் வார்டுக்கு ஆள் எடுத்தப்ப நானும் கேள்வி கேக்கற பக்கம்தான் உக்காந்திருந்தேன். கௌதள்ளியில இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு. நாற்காலி நுனியில உக்காந்துச்சு. தன்னம்பிக்கை இல்லன்னு எழுதினோம். வீட்டுல நாற்காலியே இல்லாத பொண்ணு நாற்காலியில எப்படிச் சாஞ்சு உக்காரும்? அப்புறம் ஒரு கேள்வி கேப்போம், ஏம்மா நர்ஸ் வேலைக்கு வர்றேன்னு. சேவை செய்யன்னு சொல்றவ உள்ள. சம்பளத்துக்குன்னு சொல்றவ வெளிய. உண்மையச் சொன்னவள வெளிய அனுப்பிட்டு, பொய் சொன்னவ கையில மருந்து ட்ரேயக் குடுத்திருக்கோம் மேடம், இத்தன வருசமா."

ஸ்ரீதேவி மேடம் கரண்டியால் பிஸ்கட்டைத் துழாவினார். கோபம் இருந்தது, ஆனால் யோசிக்காமல் பேசுகிற ஆள் இல்லை அவர். "நான் எடுத்த பொண்ணுகள்ல பாத்திரம் தேய்க்கறவா வீட்டுப் பொண்ணும் உண்டு மோலி. குலுக்கல் வெச்சிருந்தா அவ வந்திருக்க மாட்டா."

"வந்திருக்கலாம், வராமப் போயிருக்கலாம். நீங்க திருப்பி அனுப்பினதுல எத்தன பேரு அவள மாதிரின்னு நமக்குத் தெரியாதே மேடம்."

இந்த யோசனை எங்கே கிடைத்தது என்று டேவிஸ் சார் கேட்டார். மோலி சொன்னாள். அவள் ஊர் ஹனூர் பக்கத்து மார்டள்ளி. அப்பன் பாறையில் கல் உடைத்தார். எல்லாப் பாறையும் ஒன்றுபோல இருக்காது. சில பாறை சொன்ன பேச்சு கேட்கும், உளியை வைத்து நாலு போடு போட்டால் நூல் பிடித்த மாதிரி பிளக்கும். சிலது முரடு, நாள் முழுக்க அடித்தாலும் பொறிதான் பறக்கும். கூலியோ உடைத்த லோடுக்கு. யாருக்கு எந்தப் பாறை என்று மேஸ்திரி சொன்னால் மேஸ்திரியின் மச்சானுக்கு நல்ல பாறை போகும். அதனால் காலையில் ஆளுக்கு ஒரு கல்லை அடையாளம் வைத்து இரும்புச் சட்டியில் போடுவார்கள். ஆட்டி எடுப்பார்கள். முதலில் வருகிற கல்லுக்கு இருப்பதிலேயே நல்ல பாறை. சம்மட்டி தூக்கத் தெரிந்தவனா என்று மட்டும்தான் முன்னால் பார்ப்பார்கள். தூக்கத் தெரிந்துவிட்டால் எல்லாரும் ஒன்று.

கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. படியிறங்கும்போது டேவிஸ் சார் கூடவே வந்தார். நல்ல மனிதர். அவர் சொன்னதும் நல்ல மனதோடுதான்.

"சிஸ்டர், உங்க அண்ணா மகள் அப்ளை பண்ணியிருக்காளாமே? ஸ்வல்ப யோசிங்க. இன்டர்வியூ வெச்சா உங்களுக்கும் நல்லது. அன்னிக்கு நீங்க ரூம்லயே இருக்க வேணாம். நாங்க பாத்துக்கறோம்."

மோலிக்கு இது முன்பே தெரியும். கணக்குப் போட்டுப் பார்க்காமல் கூட்டத்துக்கு வருகிறவள் இல்லை அவள். அண்ணன் மகள் நிக்கோல் வாங்கியது அறுபத்து நாலு. மார்க் வரிசை என்றால் அவளுக்கு இடமில்லை. நேர்காணல் என்றால் கண்டிப்பாக உண்டு. குலுக்கல் என்றால் மாதாவுக்கே தெரியாது.

"அதனாலதான் சார் சொல்றேன், இன்டர்வியூ வேண்டாம்னு" என்றாள். டேவிஸ் சார் ஒரு படி பின்தங்கினார்.

*

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது வாசலில் அண்ணன் சகாயநாதன் நின்றிருந்தார். காலடியில் ஒரு சாக்கு, பக்கத்தில் நிக்கோல். ஹனூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்த களைப்பு பெண்ணின் கண்ணில் தெரிந்தது. அண்ணனிடம் எதுவும் தெரியாது. அவர் முகம் எப்போதும் ஒரே மாதிரிதான்.

"வாங்கண்ணா. ஒரு போன் பண்ணிருந்தா வண்டிய அனுப்பிருப்பேன்ல."

"எதுக்கு? காலு இருக்குதல்ல." சாக்கை உள்ளே தூக்கி வைத்தார். "கெழங்கு புடுங்கினோம். கொஞ்சம் கொண்டாந்தேன்."

என்.ஆர். மொகல்லாவின் அந்தச் சின்ன வீட்டில் மரவள்ளிக் கிழங்கும் செம்மண்ணும் வாசனை பரப்பின. மோலியின் வீட்டுக்காரர் டிப்போவுக்கு டூட்டிக்குப் போயிருந்தார். நிக்கோல் முகம் கழுவப் பின்பக்கம் போனாள். சகாயநாதன் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தார், சோபா இருந்தும். பாறைக்கு அரசாங்கம் பூட்டுப் போட்ட பிறகு அவர் குடகில் மிளகு பறிக்கப் போகிறார், காப்பிச் செடிக்குக் கவாத்து பண்ணப் போகிறார், இரண்டும் இல்லாதபோது சொந்தக் காட்டில் கிழங்கு போடுகிறார். வலது கைக் கட்டைவிரலில் நகம் கிடையாது. எந்த வேலைக்குப் போனாலும் விரல் இடுக்குகளில் இருந்த கல்லின் சாம்பல் நிறம் மட்டும் போகவில்லை.

டம்ளர் காப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "இவளுக்கு எடம் என்னாச்சு அம்மிணி?"

"குலுக்கல் போடலாம்னு சொல்லியிருக்கறேண்ணா."

"யாரு சொன்னா?"

"நாந்தான்."

சகாயநாதன் சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாகத் திரும்பி, அடங்க நேரமானது. மோலி தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக்கொள்ளாமல் கையை ஆட்டினார்.

"நல்லாருக்குது. குலுக்கல்ல ஜெயிச்சவளுக்குக் குலுக்கல் மேல ஆசை இல்லாம இருக்குமா?"

வீட்டில் இத்தனை வருடமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாதது அது. சகாயநாதன் பத்தாவது முடித்து, மேலே படிக்க வழி பிறக்கட்டும் என்று ஒரு வருடம் அப்பனோடு பாறையில் நின்றார். அடுத்த வருடம் மோலியும் பத்தாவது தேறினாள். ஒருவரைத்தான் அனுப்ப முடியும். ஆண்பிள்ளையை அனுப்பு என்றார் மாமன். நன்றாகப் படிக்கிறவளை அனுப்பு என்றார் பங்குச் சாமியார். அப்பன் இரண்டு பேர் பேச்சையும் கேட்கவில்லை. பாறையிலிருந்து இரும்புச் சட்டியை வீட்டுக்கே கொண்டுவந்தார். சகாயநாதன் ஒரு கறுப்புச் சில்லு போட்டார். மோலி போட்டது வெள்ளை வரி ஓடிய கல். அப்பன் கண்ணை மூடி ஆட்டி, கையை விட்டு எடுத்தார். வெள்ளை வரி. அவ்வளவுதான். மறுநாள் அண்ணன் சம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த வாரம் மோலி மைசூருக்கு பஸ் ஏறினாள்.

"அப்பன் செஞ்சது ஞாயந்தானண்ணா" என்றாள் மோலி. "அவரு யாருக்குன்னும் பாக்கல."

"ஞாயமா?" அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாறையில என்ன வழக்கம்? சொல்லு பாக்கலாம்."

"கல்லப் போட்டு ஆட்டி எடுப்பாங்க."

"அது பாதி. மிச்சம்?"

மோலிக்குத் தெரியவில்லை. அவள் பாறைக்குப் போனதெல்லாம் சோற்றுத் தூக்கோடுதான்.

"நேத்து முரட்டுப் பாறை வந்தவனுக்கு இன்னைக்குச் சட்டியில ரெண்டு கல்லு. இன்னைக்கும் அதுவே வந்துச்சுன்னா நாளைக்கு மூணு. அதனாலதான் அங்க ஒருத்தன் மேல ஒருத்தன் சம்மட்டிய ஓங்கல. இன்னைக்குப் போச்சுன்னா நாளைக்கு வரும்னு தெரியும்." இருமலை விழுங்கினார். "அடுத்த வருசம் அப்பன் மறுக்காச் சட்டிய எடுப்பாருன்னு பாத்துட்டே இருந்தேன் அம்மிணி. அதுக்கு அடுத்த வருசமும் பாத்தேன். எனக்கு ரெண்டு கல்லு பாக்கி இருந்துச்சு, மூணு பாக்கி இருந்துச்சு. எடுக்கவே இல்ல. கூலிக்கு வந்தவனுக்கு ஒரு ஞாயம், பெத்த புள்ளைக்கு ஒரு ஞாயமா?"

வெளியே பால்காரன் மணியடித்துக்கொண்டு போனான். மோலி கிழங்குச் சாக்கைப் பார்த்தபடி இருந்தாள். அழுகை வரவில்லை. அவளுக்கு அது சுலபத்தில் வராது. வந்தது வேறு. அன்று அந்தப் பெயிண்ட் வாசனை அறையில் அவ்வளவு தெம்பாகப் பேசினாளே, அது பாதி வழக்கம். தோற்றவன் மறுநாள் என்ன ஆவான் என்பதை அவள் யோசிக்கவே இல்லை. யோசிக்க வேண்டிய அவசியம் அவளுக்கு வந்ததில்லை.

நிக்கோல் ஈரக் கையைத் தாவணியில் துடைத்தபடி வாசற்படியில் வந்து நின்றாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரியவில்லை. பள்ளிக்கூடம் முழுக்கக் கன்னடத்தில் படித்தவள், யோசித்து யோசித்துத்தான் தமிழ் பேசுவாள்.

"அத்தே, எனக்கு சீட்டு பேக்கு... வேணும். எப்படி வந்தாலும் பரவால்ல."

"எதுக்கு?"

"சம்பளம் வரும். அப்பா குடகுக்குப் போக வேணாம்."

மோலிக்குச் சிரிப்பு வந்தது. "இன்டர்வியூல இப்படிச் சொல்லியிருந்தீன்னா வெளிய அனுப்பிருப்பாங்கடி கண்ணு." பிறகு அண்ணனைப் பார்த்தாள். "உள்ள வெச்சுக் குடுக்க என்னால முடியும்ணா. டேவிஸ் சார் வாயால கேட்டுட்டாரு. செய்ய மாட்டேன். நிக்கோலுக்கு ஒரு கல்லுதான்."

"தெரியுது."

"வரலீன்னா அடுத்த வருசம் ரெண்டு."

சகாயநாதன் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"அதுக்கு அடுத்த வருசம்?"

"மூணு."

"இவளுக்கு மட்டுமா?"

"எல்லாத்துக்கும்."

"அந்தப் பெரிய மனுசங்க ஒத்துக்கிட்டாங்களா?"

"இன்னும் கேக்கல. நாளைக்குக் கேக்கறேன்."

"அப்பன் மாதிரி வாயில இருக்கறது வாயிலயே போயிரப் போவுது" என்றார் அண்ணன். எழுந்து சாக்கை அவிழ்த்துக் கிழங்குகளைத் தரையில் கொட்டினார். சாப்பிட்டார், மகளைக் கூட்டிக்கொண்டு மத்தியான பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

*

மறுநாள் கூட்டத்தில் மோலி நின்றுகொண்டே பேசினாள். தோற்றவர்கள் அடுத்த வருடம் இரண்டு கல்லோடு வரலாம், அதற்கடுத்த வருடம் மூன்று கல்லோடு. அதுவரை விரும்புகிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலை, சம்பளத்தோடு. டேவிஸ் சார் தலையாட்டிக்கொண்டே வந்து, கடைசியில் தொண்டையைக் கனைத்தார்.

"எல்லாம் சரி சிஸ்டர். ரெண்டே ரெண்டு இடம் மட்டும் நம்ம கையில வெச்சுக்கலாம். பிஷப் ஹவுஸ்ல இருந்து போன் வரும், கார்ப்பரேட்டர் வருவாரு. எல்லாருக்கும் இல்லன்னா எப்படி?"

"ரெண்டுல கை வெச்சா இருபதும் போயிரும் சார். அப்படித்தான்னா எனக்கு இந்தப் பதவி வேண்டாம். நான் வார்டுக்கே போயிடறேன். அங்க எனக்கு வேலை இருக்கு."

மிரட்டல் மாதிரி அவள் சொல்லவில்லை. டூட்டி மாற்றிக் கேட்கிற மாதிரி சொன்னாள். அது டேவிஸ் சாரை இன்னும் பயமுறுத்தியது. அவர் ஸ்ரீதேவி மேடத்தைத் துணைக்குப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதேங்கோ" என்றார் மேடம். "குலுக்கலை நான் எதிர்க்கறேன். அத எழுதிக்கோங்கோ. என் கண்ணு மேல எனக்கு இன்னும் நம்பிக்கை போகல. ஆனா ரெண்டு இடத்தை ஒதுக்கறதையும் எதிர்க்கறேன். அதையும் சேத்து எழுதிக்கோங்கோ. குலுக்கறதுன்னு ஆயிடுத்துன்னா இருபதையும் குலுக்குங்கோ."

டேவிஸ் சார் இருபது என்றே எழுதிக்கொண்டார். மோலி அன்றைக்கு முதல்முறையாக உட்கார்ந்தாள். "அப்ப கல்ல நீங்கதான் எடுக்கணும் மேடம்."

"நானா? எதிர்க்கறேன்னு இப்பத்தானே சொன்னேன்?"

"அதனாலதான். நீங்க எடுத்தா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

*

வார்டில் நிற்க வைத்த நாளில் பெண்களில் சிலர் மயங்கினார்கள், சிலர் மத்தியானச் சாப்பாட்டோடு சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். நிக்கோல் பெட்பேனை எடுத்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான், ஆனால் எடுத்தாள். நின்று தாங்கியவர்களே நூற்றுக்கு மேல் இருந்தார்கள்.

குலுக்கல் அன்று காலையிலிருந்து சாரல். சாமுண்டி மலை மேகத்துக்குள் போயிருந்தது. கட்டட வேலைக்கு இறக்கி மிச்சமான கருங்கல் ஜல்லி முற்றத்து ஓரத்தில் குவிந்து கிடந்தது. பெண்கள் ஒவ்வொருவராகப் போய் ஆளுக்கொரு கல்லை எடுத்து, துடைத்து, பெயிண்டால் தங்கள் எண்ணை எழுதினார்கள். இரும்புச் சட்டி எதிலும் அத்தனை கல் கொள்ளாது என்று ஆஸ்பத்திரி அடுப்படியிலிருந்து பெரிய சோற்று அண்டாவைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அப்பன்மார்களில் நாலு பேர் வந்து அதை உருட்டிக் குலுக்கட்டும் என்றாள் மோலி. வந்த நாலு பேரில் சகாயநாதனும் ஒருவர். அண்டாவுக்குள் கற்கள் மோதிப் புரண்ட சத்தம் முற்றத்துப் பேச்சையெல்லாம் அமுக்கிவிட்டது.

ஸ்ரீதேவி மேடம் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். கண்ணை மூடிக்கொண்டு முழங்கை வரை கையை உள்ளே விட்டார். கல்லின் எண்ணைப் பார்த்துப் பெயர் படிக்கப் படிக்க ஓர் இடத்தில் கூச்சல், ஓர் இடத்தில் அழுகை. குண்டலுபேட்டைப் பூ வியாபாரியின் பெண் வந்தாள். தொண்ணூற்றிரண்டு மார்க் வாங்கிய மைசூர்ப் பெண் ஒருத்தி வந்தாள். மோலி சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பாதி தாண்டியபோது தன் விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகியிருந்ததைக் கண்டு, ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

இருபதாவது கல்லைத் துடைத்துப் படித்தார்கள். கொள்ளேகால் பெண். நிக்கோல் இல்லை.

மோலி அண்ணனின் முகத்தைத் தேடினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. நிக்கோல் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். சகாயநாதன் விறுவிறுவென்று நடந்து போனார். வாசல் பக்கம் என்றுதான் மோலி நினைத்தாள். ஆனால் அவர் ஜல்லிக் குவியலில் போய்க் குந்தினார்.

ஒரு கல்லை எடுத்தார். இன்னொன்றால் தட்டிக் காதருகில் வைத்துக் கேட்டார். தூக்கிப் போட்டார். வேறொன்றை எடுத்துத் தட்டினார். அதையும் போட்டார். சாரல் அவர் முதுகுச் சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது. மூன்றாவதோ நாலாவதோ கல் கிண்ணென்று ஒலித்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நகமில்லாத கட்டைவிரலால் மண்ணைத் தேய்த்துவிட்டு, மகளைக் கூப்பிட்டார்.

"இந்தா. இது விரிசல் விடாது. நம்பர எழுது."

நிக்கோல் எழுதினாள். ஓர் எண் கோணலாக வந்தது. அண்டாவில் இருந்த தன் முதல் கல்லையும் தேடி எடுத்துக்கொண்டாள். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு இனி என்ன என்பதுபோல் நிமிர்ந்தாள். அவளைப் பார்த்து வேறொரு பெண் குவியலுக்குப் போனாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் முற்றம் முழுக்கக் கல்லோடு கல் தட்டிப் பார்க்கிற சத்தமாக இருந்தது.

மோலி உள்ளே போய் ஒரு வெறும் சாக்கை எடுத்து வந்தாள். அடுத்த வருடக் கற்களுக்கென்று காலையில் வீட்டிலிருந்தே எடுத்து வந்தது, அண்ணன் கிழங்கு கொண்டுவந்த சாக்குதான், ஓரத்தில் இன்னும் செம்மண் ஒட்டியிருந்தது. அதன் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் இரண்டு கற்கள் உள்ளே விழுந்தபோது சாக்கு ஒரு வெட்டு வெட்டி இறங்கியது. அவள் பிடியை இறுக்கினாள். வரிசை வாசல் வரை நீண்டிருந்தது.